ஜன்னல் காற்று

கரண்டே இல்லாத வீட்டில் கரண்டால் தீப்பிடித்ததாம். கோர்ட் அனுப்பிய இன்ஜினியர் சொன்னான்.

எரிந்து கிடந்த என் படுக்கையறையில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான். கையில் பல் விளக்கும் பிரஷ். காலையிலிருந்து அதை வைத்துத்தான் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இதற்கு ஒரு படிப்பு வேறு.

எனக்குக் காது மந்தம். அதனால் எதையும் இரண்டு தடவை கத்திச் சொன்னான். இரண்டு தடவையும் புரியவில்லை.

நான் மெயினை அணைத்துவிட்டுத்தான் பெண்டாட்டியோடு மகள் வீட்டுக்குப் போனேன். வெளியே கிளம்பினாலும் அணைப்பேன், படுக்கப் போனாலும் அணைப்பேன். பாம்பாவது சீறிவிட்டுக் கடிக்கும். கரண்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. மெயின் பெட்டி தெருப்பக்கச் சுவரில் இருந்ததால் வேகாமல் தப்பியது. கைப்பிடி கீழே இறங்கித்தான் இருந்தது. இவனே போட்டோ எடுத்தான்.

அப்புறம் எப்படித் தீ வரும்? எவனாவது கொளுத்தினால்தான் வரும்.

கொளுத்தியவன் வாசற்படியில் நின்றான். என் தம்பி. அப்பா போனபின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தோம். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். “உன் பங்கு எரிஞ்சு சாம்பலாத்தான் போகும்” என்றான். தெருவுக்கே கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பாருங்கள்.

போலீசில் அதைத்தான் சொன்னேன். வழக்கு நடக்கிறது. இந்த பிரஷ்காரன் எழுதப்போவதை வைத்துத்தான் தம்பி ஜெயிலுக்குப் போவதா இல்லையா என்பது.

தம்பி முதுகுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி. என் முதுகுக்குப் பின்னால் என் பெண்டாட்டி. இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ரூம்ல ஃபேனே இல்லையே, எப்படித் தூங்குவீங்க?” என்று காலையில் இன்ஜினியர் கேட்டிருந்தான்.

ஜன்னல் காற்று போதும் என்றேன். அது நான் பார்த்து வைத்த ஜன்னல். அதன் கீழேதான் என் கட்டில். வெயில் காலத்தில் ஊரே வெந்து புரளும்போதும், நான் விளக்கை அணைத்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஜிலுஜிலுவென்று வரும். எதிர்ச் சுவரோரம் என் பெண்டாட்டியின் கட்டில். ஃபேன் வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்ஜினியர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். வெளியே கைக்கெட்டும் தூரத்தில் குடோன் சுவர். சிரிப்பை விழுங்கிய மாதிரி இருந்தது. படித்தவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்.

இப்போது ஒரு செம்புக் கம்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நுனியில் கடுகு மாதிரி ஒரு மணி.

“வெறும் தீயில உருகினா மெழுகு மாதிரி வழிஞ்சிருக்கும் ஐயா. கரண்ட் ஓடுற ஒயர் ஒண்ணோட ஒண்ணு பட்டாத்தான் இப்படி உருண்டை கட்டும்.”

“மெயின் அணைஞ்சு கிடந்ததுய்யா.”

“ஆமா, அணைஞ்சுதான் இருந்துச்சு.”

ஆமாம் என்கிறான், இல்லை என்றும் சொல்கிறான். எனக்குத் தலை சுற்றியது.

அவன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே போனான். ஒயர் என் சுவிட்ச் போர்டு பக்கமே போகவில்லை. சுவரோரமாக ஊர்ந்து, பீரோ நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் தம்பி வீட்டுச் சமையலறை.

என் வயிறு குளிர்ந்தது. “ஒயர் விட்டுக் கொளுத்தியிருக்கான். எழுதிக்குங்க சார்” என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அவனை சார் என்றேன்.

தம்பி ஓடிவந்து ஓட்டைக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துப் பேந்தப் பேந்த முழித்தான். திருட்டு முழி எனக்குத் தெரியும். இது அது இல்லை.

“அண்ணே, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே.”

அவன் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாதவன். அது எனக்கும் தெரியும்.

இன்ஜினியர் ஒயரின் மறுமுனைக்கு வந்தான். அது என் பெண்டாட்டியின் இரும்புக் கட்டிலுக்கு அடியில் போனது. கட்டில் கால் ஏறி நசுக்கிய இடத்தில்தான் அந்த மணி கட்டியிருந்தது. தீ இங்கே பிறந்துதான் மேலே ஏறியிருக்கிறது, யாரும் கொளுத்தவில்லை என்றான்.

தம்பி அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கட்டிலோரம் வெந்துகிடந்த டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து இன்ஜினியர் எதையோ இழுத்தான். வட்டமாக ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே கருகிய மோட்டார். டேபிள் ஃபேன்.

அது எங்கள் வீட்டுப் பொருளே இல்லை.

பெண்டாட்டி பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானறிய இந்த இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது.

“உனக்கு வேர்த்தா எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?”



தரையெல்லாம் கருகியிருந்தாலும், ஃபேன் நின்ற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. இன்ஜினியர் ஃபேனைத் தூக்கி அந்த வெள்ளையில் அச்சுப் பிசகாமல் பொருத்தினான். கழுத்துத் திருகு இறுகியபடியே உருகிப்போயிருந்தது. ஃபேன் அண்ணாந்து, அறைக்குக் குறுக்கே பார்த்தது.

அவன் தரையோடு குனிந்து, ஒரு கண்ணை மூடி, அது பார்த்த திசையிலேயே பார்த்தான். ஜன்னல் வரைக்கும் பார்த்தான்.

“அந்த ஜன்னலடிக் கட்டில்ல படுக்கிறது யாரு?”

இதை மட்டும் அவன் கத்திக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.