மார்னியின் முறை

“மார்னி மட்டும் இன்னும் யாருக்கும் படிச்சுக் காட்டல,” என்றான் ஆங்கஸ், பக்கத்தைப் புரட்டியபடியே.

ரோனா நிமிர்ந்து பார்த்தாள். “இந்த வாரமா?”

“எப்பவுமே.”

சொல்லிவிட்டு, தவளை குளத்தில் குதிக்கும் வரியில் மறுபடி விரலை வைத்துக்கொண்டான். ஐந்து வயதுப் பிள்ளை. இட்டுக்கட்டிச் சொல்ல அவனுக்கு என்ன வந்தது?

அவன் முடிக்கும்வரை ரோனா கேட்டாள். கேட்டாளா என்ன, தவளை போன இடம்கூடத் தெரியவில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமைதோறும் இதுதான் அவள் வேலை. வகுப்புக்கு வெளியே, பிள்ளைகள் பை மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே ஒரு குட்டி மேசை. முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி ஒரு குட்டி நாற்காலி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து படித்துக் காட்டுவார்கள். கிப்ஸ்லேண்டில் ஜூன் மாதம் நடுக்குளிர்காலம்; அந்தக் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து காலைப் பிடிக்கும். சம்பளம் கிடையாது. பேக்கரியில் வாரம் முழுக்க நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரே விடுமுறை நாளை இங்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

உதவிக்கு வரும் பெற்றோர் தங்கள் பிள்ளை படிப்பதை இங்கே கேட்கக் கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே என்று தலையாட்டினாள். என் பிள்ளை படிப்பதை மிஸ் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பது?

தலைக்கு மேலே மகள் மார்னியின் பை தொங்கியது. எட்டி எடுத்துத் திறந்தாள். உள்ளே முதல் படிக்கான சிவப்பு ஒட்டு போட்ட மெல்லிய புத்தகம். பள்ளி திறந்த வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் முதல்முதலாகக் கொடுப்பார்களே, அதே புத்தகம். ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டால்தான் இங்கே புத்தகம் மாறும். மற்ற பிள்ளைகள் மஞ்சள் தாண்டி, நீலம் தாண்டி, பச்சைக்கே வந்துவிட்டார்கள்.



இந்த ஆங்கஸ் முதல் மாதம் ‘நாய்’ என்ற சொல்லிலேயே திக்கித் திணறினவன். இவனைத் தவளைக் கதைவரை இழுத்து வந்தது யார்? சபாஷ் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது யாருக்கு? ஊர்ப் பிள்ளையெல்லாம் பச்சைக்குப் போகும், தன் பிள்ளை மட்டும் சிவப்பிலேயே நிற்குமா? நல்லாயிருக்கிறது நியாயம்!

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ரோனா புத்தகத்தோடு வகுப்புக்குள் போனாள்.

“ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் நான் காது குடுக்கிறேன் மிஸ். எம் பிள்ளைக்குக் காது குடுக்க இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஆளு இல்லையா?”

மிஸ் டோயல் புத்தகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். காதுவரை சிவந்துபோனாள்.

“படிக்கவே வராத பிள்ளைங்கள நான் தினமும் படிக்க வச்சுக் கேக்கறேங்க. மத்தவங்க உங்க மேசைக்கு வந்துடுறாங்க. மார்னிக்கு என்ன குறைன்னு இருந்துட்டேன். அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

“நான் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? என் பாட்டியா?”

ரோனா விடவில்லை. உதவிக்கு வந்தது ஒரு குற்றமா என்று கேட்டாள். ஒரு நாள்கூடவா அந்தப் பிள்ளை முகம் கண்ணில் படவில்லை என்று கேட்டாள். திங்கட்கிழமை தலைமையாசிரியரின் அறையில் பேசிக்கொள்ளலாம் என்றாள். எப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையை விட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தத் தண்ணீரைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

“தப்பு என்னோடதுதான், மன்னிச்சிடுங்க. இப்பவே கேக்கறேன்,” என்ற மிஸ், கதவைத் திறந்து மார்னியைக் கூப்பிட்டாள்.

மார்னி பாதி தின்ற சீஸ் ரொட்டியோடு, மூக்கு ஒழுக வந்து நின்றாள். மிஸ் தன் சொந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள். “வா கண்ணு. எனக்குப் படிச்சுக் காட்டு.”

ரோனா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். முழுப் புத்தகமும் முடியாமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.

மார்னி மிஸ்ஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மீதி ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்தாள். எடுத்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. விடுவிடுவென்று வெளியே நடந்து குட்டி மேசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அங்க இல்லடி, மிஸ் இங்க இருக்காங்க,” என்றாள் ரோனா, பின்னாலேயே போய்.

“மிஸ் வேணாம். நீ உக்காரும்மா.”

“நீ படிக்கிறத அம்மா கேக்கக் கூடாது. இங்க அப்படித்தான் சட்டம்.”

“வீட்டுல எடுத்துட்டு வந்தா, காலெல்லாம் வலிக்குது, நாளைக்குன்னு சொல்ற. நாளைக்கும் அதையேதான் சொல்ற. இந்த நாற்காலியில உக்காந்தாத்தான் நீ கேப்ப. ஆங்கஸ் படிச்சதக் கேட்டேல்ல?”

மிஸ் டோயல் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்னி முதல் சொல்லுக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.