ஆம்பளைங்க இருக்கிற இடத்துல

"மைக்கை அடைங்கய்யா! இது கோயிலா, வேற ஏதாவதா?"

கோயில் தலைவர் ராஜசேகரன் மண்டபமே அதிரச் சத்தம் போட்டார்.

மலேசியாவில் கெலாங் பாத்தா பக்கம் ஒரு அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதானத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் கொஞ்ச நேரம் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச வந்தவள் பிரவீனா, அரசாங்க கிளினிக் நர்ஸ்; ஊர்க்காரர்களுக்கு 'மிசி'. பேச விட்டால்தானே!

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன் தலைவரே? கட்டி தட்டுப்பட்டா, தோல் குழிஞ்சா, காம்பு உள்ள இழுத்துக்கிட்டா, ரத்தம் கசிஞ்சா உடனே டாக்டரப் பாருங்கன்னேன். வலி இல்லன்னு சும்மா விட்டுடாதீங்கன்னேன்."

"சீ! ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல பேசுற பேச்சா மிசி இது? வெக்கமா இல்ல?"

திருவிழாவில் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டியவர்களுக்கு இதே மேடையில் மாலை போட்டவர் இந்த மனிதர். அப்போது எங்கே போயிருந்ததோ அந்த வெட்கம்!

பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கப்பட்டுத்தான் சாவுறாங்க தலைவரே! போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க. முத்திப்போச்சு. ஏன்க்கா முன்னமே வரலன்னு கேட்டா, இத யாருகிட்டம்மா சொல்றதுன்னு அழுவுறாங்க. கேக்க வயிறு எரியுது!"

"பொம்பளைங்க நோவு. பொம்பளைங்கள தனியா வச்சுப் பேசிக்க. உன்ன யாரு இங்க கூப்பிட்டது?"

"நான்தான்."

பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள் அவருடைய மனைவி செல்லம். நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள்.

"நீயா? அறிவிருக்கா ஒனக்கு? எதுவா இருந்தாலும் வீட்டுல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

செல்லம் ஆத்திரத்தோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லலையா? எத்தன தடவ சொன்னேன்! ஆம்பளைங்களுக்கும் வரும்னு மிசி சொல்றாங்க, வாங்க கிளினிக்குக்குப் போலாம்னு கெஞ்சுனேன். பொம்பளைங்க நோவு எனக்கு எப்படிடி வரும்னு சிரிச்சீங்க. இப்ப இவங்க முன்னாடி சிரிங்க பாப்போம்! உங்க பனியன்ல நெஞ்சுப் பக்கம் ஒட்டியிருக்கிற ரத்தத்தத் தெனம் கசக்கிப் பிழியுறவ நான்தான்!"