பெறுநர் காலி செய்துவிட்டார்

முகவரி இல்லாத எதுவும் எங்கும் போய்ச் சேராது என்பதே உலகின் ஒரே மாறாத உண்மை என்பார் தபால் பிரிப்பவர். மகள் மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமல் கிடந்தும், வேண்டுதல் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அவருடைய அண்ணி தெருக்காரர்களின் பதினேழு வேண்டுதல் சீட்டுகளோடு புனிதப் பயணம் கிளம்பினாள்.

“பின்கோடு போட்டீங்களா அண்ணி? இல்லேன்னா சாமி கைக்குப் போகாது.”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல தம்பி! பாப்பாவுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க.”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

பதினேழு சீட்டையும் கோயிலில் இருந்த வேண்டுதல் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள் அண்ணி.

மறுவாரம் அவர் மேசைக்கு வந்த தபால்கட்டில் அந்தப் பதினேழும் இருந்தன. எல்லாவற்றிலும் ‘பெறுநர் காலி செய்துவிட்டார்’ என்ற முத்திரை. மை இன்னும் காயவில்லை.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். துண்டுத்தாளில் ‘பாப்பா கண்ணைத் திறக்கணும்’ என்று மட்டும் எழுதி, முகவரி இல்லாமலே வெளியூர்த் தபால் மூட்டைக்குள் செருகினார்.