மழை ஆபீசரின் தந்தி

சிராங்கூன் ரோடு தபாலாபீஸில் அருளானந்தத்துக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். அவருக்கோ வரிசையை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

சட்டைப்பையில் தம்பி பெர்னார்டின் கடிதம். ராமநாதபுரத்திலிருந்து வந்து சேர ஒன்பது நாளைத் தின்றிருந்தது. வெளியே எடுத்தார், மடித்தார், மறுபடி எடுத்தார்.

'ரெண்டு வருஷமாக மழை பாதியில் கைவிட்டு, நெல் கதிருக்கு முன்னாலேயே கருகிவிட்டது. இந்தப் புரட்டாசிக்கும் நெல்லையே தூவவா, குதிரைவாலிக்கு மாறவா? இருப்பது ஒரே மூட்டை விதைநெல். அதை வாங்கிக்கொண்டு குதிரைவாலி விதை தர ஆள் இருக்கிறது. புரட்டாசி முதல் ஞாயிறு வரைதான் பொறுப்பாராம். அண்ணன் மழை ஆபீசில் இருக்கிறீர்கள். தந்தியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தெருவே காத்திருக்கிறது.'

தெருவே! நாற்பது வீடு! இன்று வெள்ளிக்கிழமை; அந்த ஞாயிறு நாளை மறுநாள்.

மழை ஆபீசில் வேலை என்று ஊருக்கு எழுதியது அவர்தான். அதில் பொய் எதுவும் இல்லை. மீதியை ஊரே நிரப்பிக்கொண்டது.

இங்கே கோயிலிலும் அதே கதைதான். கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் முதலில் அவரிடம் வந்துதான் நாள் கேட்பார்கள். அவரும் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ சொல்லிவைப்பார். பாழாய்ப்போன பெருமை, யாரை விட்டது?

"என்ன ஆபீசர், நாளைக்கு மக கல்யாணம். மழை வராதுல்ல?"

பின்னால் ஆம்ப்ரோஸ்! ஞாயிறுதோறும் பூசையில் பக்கத்துப் பெஞ்சுக்காரர். அருளானந்தம் பல்லைக் காட்டிவைத்தார்.

நேற்று கந்தப்புவைக் கேட்டுப் பார்த்தார். ஆபீசில் கருவிகளைப் பார்த்துக் குறிக்கிறவர் அவர். "இந்தியாவுல பெய்யுற மழைய இங்க உக்காந்து யாரு சொல்ல முடியும் லா?" என்று சிரித்துவிட்டார்.

அப்புறம் அருளானந்தம் வெளியே வந்து, மழை அளக்கும் குவளையருகே நெடுநேரம் நின்றிருந்தார். மூன்று வாரமாக அதில் ஒரு சொட்டு இல்லை. வேலியோரப் பூச்செடிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. அவர் குனிந்து தரையிலிருந்த புல்லைத் தடவிப் பார்த்தார்.

"அடுத்தது யாரு?"

கவுன்டரில் பிரிஜட் தந்தித் தாளை முன்னால் இழுத்துக்கொண்டாள். கோயிலில் பாடும் பெண். "வாங்க அங்கிள், என்ன எழுதணும்?"

நெல் என்று சொல்லி அதுவும் கருகினால் நாற்பது வீடும் பட்டினி. தெரியாது என்றால் தம்பி பழைய வழக்கப்படி நெல்லைத்தான் தூவுவான்.

"குதிரைவாலி போடுன்னு எழுதும்மா."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"அப்படியே எழுது, அவனுக்குப் புரியும். மழை நின்னா மத்ததெல்லாம் செத்துப்போகும். புல்லு மட்டும் மஞ்சளாப் படுத்துக் கிடந்து, ஒரு தூறலுக்கு எழுந்துக்கும். குதிரைவாலியும் அந்த ஜாதிதான். பன்னெண்டு வருஷமாப் பாக்குறேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்றார் ஆம்ப்ரோஸ், பின்னாலிருந்து.

பிரிஜட் எழுதி முடித்து நிமிர்ந்தாள். "அனுப்புறவர் பேரு? வெறும் அருளானந்தம் போதுமா?"

போதும் என்றுதான் வாய்வரை வந்தது. அந்த நாற்பது வீடு கண்ணில் நின்றது. யார் பேச்சை நம்பி விதைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

"மழை ஆபீஸ்ல புல்லு வெட்டுற அருளானந்தம்னு போடும்மா," என்றார், ஆம்ப்ரோஸுக்கும் கேட்கும்படி.