வெட்டு உத்தரவு

"டைரக்டருங்கிற திமிரா சார் உங்களுக்கு?"

கேட்டேவிட்டாள் ராதிகா.

வரப்பில் நின்றிருந்த சின்னதுரை மீசையைத் தடவிக்கொண்டார். "கோச்சிக்காதீங்க மேடம். பெரிய ஆபீஸ்லயே பர்மிஷன் குடுத்துட்டாங்க."

கொடுக்க மாட்டார்களா பின்னே? கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த டைரக்டர்களில் ஒருவராயிற்றே! யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று, நட்ட தேதிப்படி வரிசை போடுவது கள அலுவலரான ராதிகாவின் வேலை. இங்கே வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவளைத் தாண்டிப் போய், எட்டே மாதக் கரும்புக்கு வெட்டு உத்தரவு வாங்கிவிட்டார் மனுஷர். நாலு நாளாகக் கல்வராயன் மலையடிவாரம் முழுக்க இதே பேச்சுதான்.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டா நல்லா எடை கட்டும். பிஞ்சுக் கரும்பை வெட்டி என்ன சார் லாபம்? பத்து ஏக்கர் வெச்சிருக்கீங்க, அதுல இந்த ரோட்டோர முக்கால் ஏக்கருக்கு மட்டும் என்ன அவசரம்?"

"தோணுச்சு, வெட்டிட்டேன்."

ராதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குத் தன் செல்வாக்கைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்! வேலையே போனாலும் சரி, இந்த ஆள் மேல் புகார் எழுதாமல் விடுவதில்லை என்று ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான், வெட்டி முடித்த அந்தக் கழனிக்குள் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு புகுந்தது. கையை வீசி வழிகாட்டியபடி முன்னால் ஓடினாள் செங்கம்மாள். போன டைரக்டர் தேர்தலில் சின்னதுரையை எதிர்த்து நின்று, பதினோரு ஓட்டில் தோற்றவள். அன்றிலிருந்து அவர் முகத்தில் விழிப்பதில்லை.

ராதிகா அவளை நிறுத்தினாள். "உங்களுக்கு ஆர்டர் குடுத்துப் பத்து நாளாச்சே, ஏம்மா இன்னும் வெட்டல?"

"எப்டிம்மா வெட்றது? என் கழனி இவன் கரும்புக்குப் பின்னால கீது. இது நின்னுக்கினு இருந்தா வண்டி எப்டி உள்ள போவும்? என்னுது பதிமூணு மாசக் கரும்பு. பூவெடுத்து காஞ்சிக்கினு இருந்துச்சு. அவன் கால்ல வுழு, வழி வுடுவான்னு ஊரே சொல்லுச்சு. கரும்பு நின்ன எடத்துலயே காஞ்சி போனாலும் போவட்டும், அவன் தயவுல ஒரு கட்டுகூட வெளிய வராதுன்னுட்டேன்!"

சின்னதுரையின் காதில் விழ வேண்டுமென்றே குரலை இன்னும் உயர்த்தினாள்.

"கடைசில இன்னா ஆச்சு பார்! திமிருல எனக்கே வழிய தொறந்து வுட்டுட்டான். அதுகூட தெரியல இந்த மரமண்டைக்கு! நான் ஜெயிச்சிட்டேன்மா!"

வெட்டாட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். செங்கம்மாள் ஓடிப்போய் டிராக்டரில் தொற்றி ஏறி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டையைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நின்றாள். அந்த முகத்தைப் பார்க்கக் கோடிக் கண் வேண்டும்.

ராதிகா மெதுவாகத் திரும்பிச் சின்னதுரையைப் பார்த்தாள். எதையோ கேட்க வாய் திறந்தாள்.

அவர் அவசரமாகக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிடாதீங்க மேடம். தெரிஞ்சா அந்தம்மா டிராக்டர திருப்பி அனுப்பிடும்."