மூணாவது வளைவு

"சோம்பேறிக் கழுதைகளா! எந்திரிங்க!"

செர்பியாவின் மலையூர் உஜிட்சே. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் மேட்டுப் பாதையின் மூணாவது வளைவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். நாலு நாளாக இதே இடம், இதே கூத்து.

"மூச்சு வாங்குது சார். கொரோனா வந்த உடம்பு," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள் டுன்யா.

"எனக்கும்தான் வந்துச்சு! மூணு நாள், மூணு புட்டி பிளம் சாராயம். கொரோனா துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிப்போச்சு!"

விளையாட்டு வாத்தியார் ராடோயேவும் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்து திட்டினால்தானே நிதானமாகத் திட்ட முடியும்?

சனிக்கிழமை ஊர் ஓட்டப்பந்தயம். வாத்தியார் முன்னால் ஓட, வகுப்பு பின்னால் ஓடும். பதினோரு வருஷமாகக் கோப்பை ராடோயேவுக்குத்தான். இந்த வருஷம் மானம் கப்பலேறப் போகிறது.

போதாக்குறைக்கு அம்மாக்கள் வேறு சண்டைக்கு வந்தார்கள். "கொரோனாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஜன்னலைத் திறந்துவச்சுப் பாடம் நடத்தினீங்களே, அந்தக் காத்து அடிச்சுத்தான் பிள்ளைங்க இப்படி ஆயிடுச்சு!"

திட்டினாரே தவிர, ராடோயேவுக்கு மனசு கேட்கவில்லை. நிஜமாகவே பிஞ்சு நுரையீரலில் ஏதாவது ஆகியிருந்தால்? கூடப் படித்த டாக்டர் ஸ்லாவிட்சாவைக் கையோடு பள்ளிக்குக் கூட்டிவந்துவிட்டார்.

டாக்டர் ஒவ்வொரு பிள்ளையாகப் பரிசோதித்தாள். படியேறி இறங்கச் சொன்னாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ராடோயே, கொரோனா சில பிள்ளைங்களை மாசக்கணக்கில் படுத்தும். அது நிஜம். ஆனா இதுங்க? குதிரைக்குட்டிங்கப்பா! உன்னை நல்லா ஏமாத்துதுங்க."

அவ்வளவுதான், வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது.

"வியாதியை வச்சு நாடகமா? நான் ராத்திரி தூங்காம கவலைப்படறேன், நீங்க கூத்தடிக்கிறீங்களா? ஒருத்தரும் சனிக்கிழமை ஓட வேண்டாம். பேரையெல்லாம் அடிச்சுடறேன்!"

டுன்யா பொலபொலவென்று அழுதபடி டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"எங்களை விடுங்க டாக்டர், சாரைப் பாருங்க. மூணாவது வளைவு வந்தா அவருக்கு உதடெல்லாம் நீலமாயிடுது. நாங்க உட்காரலைன்னா அவர் நிக்கவே மாட்டேங்கறார்!"