நாலு துண்டு வார்த்தை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றின் ஜன்னலை ஒட்டி ஒரு கொய்யாமரம். அதில் இருந்த கிளி மூன்று மாதமாகப் பாடம் கேட்டதில், தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டது.

ஒருநாள் கிளிக்குப் பின்னால் பூனை ஏறி வருவதை அணில் பார்த்தது.

"அக்கா, பூனை!"

கிளி அசையவில்லை. அணில் தனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆங்கில வார்த்தையைக் கத்தியது: "எமர்ஜென்சி!"

கிளி உடனே அணில் பக்கம் திரும்பியது. "எல்லாத்தையும் ஒரே மாதிரி அழுத்தினா எப்படி? நாலு துண்டாப் பிரி. எ, மர், ஜென், சி. ரெண்டாவதை மட்டும் அழுத்து. கடைசித் துண்டை லேசா விட்டுடு. அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்."

"அக்கா, பின்னால..."

"முதல்ல இதைச் சரியாச் சொல்லு."

பூனை பாய்ந்தது. கிளி அலறிக்கொண்டு உச்சிக் கிளைக்குப் பறந்தது. அதன் வால் இறகுகள் பூனையின் வாயில் இருந்தன.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கிளியை அணில் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தது.

"கவலைப்படாதீங்க அக்கா. போனது கடைசித் துண்டுதான். அழுத்தம் அதுல இல்லையே."